தேங்காய் பன் சுடும் ஊர்கள்

திங்கள், கோயம்புத்தூர்

கோயம்புத்தூரில் டீ குடிக்க வேண்டுமென்றால் பேக்கரிக்குப் போக வேண்டும். எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் டீக்கடை தனி, பேக்கரி தனி. பிறந்தநாள் கேக் வாங்கப் போவோம், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பிரெட் வாங்கப் போவோம், அவ்வளவுதான். இங்கே தெருமுனைக்குத் தெருமுனை பேக்கரி. வாசலில் டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருக்கிறார், பக்கத்திலேயே கண்ணாடி அலமாரி. அதில் ஜாம் பன், கிரீம் பன், தேங்காய் பன், தேன் கேக், ரஸ்க், வெண்ணெய் பிஸ்கட், முட்டை பப்ஸ். ஆட்டோ ஓட்டுகிறவர், பட்டறையிலிருந்து கரிக்கையோடு வந்தவர், கல்லூரிப் பிள்ளைகள், ஜவுளிக்கடைப் பெண்கள் எல்லாரும் நின்றபடியே ஒரு கையில் டீயும் மறு கையில் தாள்துண்டில் பிடித்த கேக்குமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இனிப்புகளைச் சாப்பிடுவதற்கென்றே வந்திருக்கிறேன். பெரியம்மா மகள் வீடு சாயிபாபா காலனியில் இருப்பதால் தங்க இடம் இருக்கிறது. எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: எங்கே சுடுகிறார்களோ அங்கேயே, சுட்ட அன்றைக்கே சாப்பிட வேண்டும்.

அக்காவின் மாமனார் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேக்கரியைப் பற்றிக் கேட்டதுமே உற்சாகமாகிவிட்டார். "ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வெடியால வெளிய வந்தா ஊட்டுக்குப் போற வரைக்கும் பசி தாங்குமா? ஒரு பன்னு, ஒரு டீ. அதுதான் அம்முணி எங்களுக்கு" என்றார். 1888-ல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் இங்கே முதல் நூற்பாலையைத் தொடங்கினார்கள். 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் வரிசையாக எழுந்தன. மூன்று ஷிஃப்டில் ஆள் மாறும் ஊருக்கு விடிகாலை நாலு மணிக்கும் திறந்திருக்கும் கடை வேண்டும், கையில் பிடித்துச் சாப்பிடும் பண்டம் வேண்டும், விலை கூலிக்காரர் கைக்கு அடங்க வேண்டும். பேக்கரி அப்படித்தான் வளர்ந்தது என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. இந்த இனிப்புகளின் அளவைப் பார்த்தாலே தெரியும். ஒரு தேன் கேக் துண்டு வயிற்றை நிரப்புவதற்காகவே வெட்டியதுபோல இருக்கிறது.

மாலையில் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பேக்கரிக்குப் போனோம். கடைக்குப் பின்னாலேயே சுடுகிறார்கள். "தேங்காய் பன் இருக்கா?" என்று கேட்டதற்கு, "சித்த இருங்க்கா, இப்ப வந்துரும்" என்று பதில். காத்திருந்தோம். தட்டு அகலத்தில் வட்டமாக, இரண்டு அடுக்கு மாவுக்கு நடுவே தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுட்டு, பிறகு முக்கோணமாக வெட்டுகிறார்கள். பெங்களூரு ஐயங்கார் பேக்கரிகளில் தில்பசந்த் என்ற பெயரில் விற்பதும் இதுதான். மேல் ஓடு பளபளவென்று பழுப்பாக இருந்தது. உள்ளே தேங்காய், சர்க்கரை, ஏலக்காய், சிவப்பும் பச்சையுமாக டூட்டி ஃப்ரூட்டி. சூட்டில் சர்க்கரை இளகித் தேங்காயோடு சேர்ந்து, மாவின் உட்புறத்தை லேசாக ஈரமாக்கியிருந்தது. அந்த ஈரமான இடம்தான் இந்தப் பன்னின் உயிர். ஆறிப்போனால் அது இறுகிவிடும். இதற்காகத்தான் சுட்ட இடத்திலேயே சாப்பிட வேண்டும் என்கிறேன்.

அடுத்து தேன் கேக். ஸ்பாஞ்சைச் சுட்டு, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, மேலே ஜாம் தடவி, உலர்ந்த தேங்காய்த் துருவல் தூவுகிறார்கள். பாகில் கொஞ்சம் தேன் கலப்பவர்களும் உண்டு, கலக்காதவர்களும் உண்டு. இந்தக் கடையில் பாகு அடிவரை இறங்கியிருந்தது. ஆனால் ஸ்பாஞ்ச் கூழாகவில்லை. அதற்கு முட்டைதான் காரணம் என்றார் மாஸ்டர். முட்டையை நன்றாக அடித்துக் காற்றைப் பிடித்தால்தான் கேக் பாகைக் குடித்துவிட்டும் நிமிர்ந்து நிற்குமாம். முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. அங்கே தினமும் அறிவிக்கும் விலையைத்தான் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பாராம்.

மாஸ்டருக்குச் சொந்த ஊர் ஒற்றப்பாலம். சின்ன வயதிலேயே வந்துவிட்டதால் பேச்சு முழுக்கக் கொங்குத் தமிழ். அடுப்பை மட்டும் 'போர்மா' என்று மலையாளத்தில் சொன்னார். இங்கே பேக்கரித் தொழிலில் மலையாளிகள் நிறைய. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வருவதில்லை. தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1880-ல் பிஸ்கட் கடை தொடங்கி, 1883-ல் கிறிஸ்துமஸ் கேக் சுட்டார் என்று சொல்வார்கள். அந்தக் கரையில் பழகிய கை இந்தப் பக்கத்து ஆலைத் தெருக்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

செவ்வாய், கோயம்புத்தூர்

இன்று கிரீம் பன். கோயம்புத்தூருக்கு வந்துவிட்டு அதைச் சாப்பிடாமல் போகக் கூடாது. 2024 செப்டம்பரில் இந்த ஊரில் நடந்த கூட்டத்தில் உணவக உரிமையாளர் ஒருவர் நிதியமைச்சரிடமே எழுந்து கேட்டாரே, பன்னுக்கு வரி கிடையாது, அதற்குள் கிரீமை வைத்தால் 18 சதவீதமா என்று. நாடு முழுக்க அந்தப் பேச்சு ஓடியது. 2025 செப்டம்பர் 22-லிருந்து கேக், பிஸ்கட், பேஸ்ட்ரி வகைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்காரரிடம் இதைப் பேசினேன். வரியைவிட மாவும் எண்ணெயும் சிலிண்டரும்தான் தன்னை அழுத்துகின்றன என்றார்.

பன் நன்றாக இருந்தது. நீளவாக்கில் கீறி, வெள்ளை கிரீமைப் பிழிந்து, மேலே ஒரு சிவப்பு செர்ரி. (பேக்கரிகளில் செர்ரி என்று வைப்பது பெரும்பாலும் பாகில் ஊறிய களாக்காய். வேலியில் காய்க்கும் அந்தக் காய்க்கு இந்த அலங்காரம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.) பன் மிருதுவாக, பால் வாசனையோடு, கடித்தால் மெல்ல மீண்டு எழும்பும்படி இருந்தது. ஆனால் கிரீம் எனக்குப் பிடிக்கவில்லை. பாலிலிருந்து எடுத்த கிரீம் இல்லை அது, பாமாயில் வகைக் கொழுப்பை நுரைக்க அடித்தது. சாப்பிட்டு முடித்த பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு டவுன்ஹால் பக்கம் ஒரு கடை, காந்திபுரத்தில் ஒரு கடை என்று போய்ப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே கிரீம், அதே வெனிலா வாசனை.

இதை நான் மனது கேட்காமல்தான் எழுதுகிறேன். வெண்ணெய்க்கும் இந்தக் கொழுப்புக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு நாக்குக்கு உடனே தெரியும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். வாயின் சூடு அதைவிடக் கூடுதல் என்பதால் வைத்தவுடனே கரைந்து வாசனையைத் திறந்துவிடும். பேக்கரிக் கொழுப்புகள் பலவும் அதற்கு மேல்தான் உருகும், அதனால் வாயில் படிந்து நிற்கின்றன. ஒரு நன்மை நடந்திருக்கிறது: 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அதற்கு முன் சாப்பிட்டதைவிட இது உடம்புக்குப் பரவாயில்லை. ஆனால் ருசி ருசிதானே.

சாயங்காலம் அக்கா பிடிவாதமாக மைசூர்பா வாங்கிவந்தாள். 1948-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸின் அந்த மைசூர்பாவைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இல்லை, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையிலிருந்து கிரீம் பன்னாகத் தின்ற வாயில் அந்த நெய்யை வைத்தபோது கேட்க வேண்டிய கேள்வி எனக்குப் பிடிபட்டுவிட்டது. மிட்டாய்க் கடை நெய்யை விடவில்லை. பேக்கரி ஏன் வெண்ணெயை விட்டது? வெண்ணெய்க்குப் பெயர்போன ஊத்துக்குளி இங்கிருந்து எட்டும் தூரத்தில்தானே இருக்கிறது? வியாழக்கிழமை அங்கே போவதாக முடிவு செய்துவிட்டேன்.

புதன், பொள்ளாச்சி

கோயம்புத்தூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். உக்கடத்தில் பஸ் ஏறினேன். கிணத்துக்கடவு தாண்டியதும் ஆனி மாதத்துக் காற்று ஜன்னல் வழியே உள்ளே அடித்தது, கூடவே ஊசிச் சாரல். இரண்டு பக்கமும் தென்னை, தென்னைக்குப் பின்னால் மேகம் மூடிய ஆனைமலை. எங்கள் ஊரில் இந்த மாதத்தில் புழுதி பறக்கும்.

ஒரு சின்ன பேக்கரி. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. கண்ணாடி அலமாரியில் பாதி காலி, ஏனென்றால் மதியத்துக்குள் விற்றுவிடும் அளவுக்குத்தான் சுடுகிறார்கள். உரிமையாளரும் அவர் மனைவியும் இரண்டு ஆட்களும். நான் தேங்காய் பன்னைப் பற்றிக் கேட்கவும் அந்த அம்மா, "உள்ள வாங்க கண்ணு, பாத்துக்கிட்டே பேசலாம்" என்று பின்கட்டுக்கு அழைத்துப்போனார்.

அங்கே ஒருவர் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். சாதாரண விஷயம்தான். ஆனால் பேக்கரியில் இதை நான் பார்த்ததே இல்லை. பெரும்பாலான ஊர்களில் பாக்கெட்டில் வரும் உலர்ந்த தேங்காய்த் தூளைத்தான் போடுகிறார்கள். அது மாதக் கணக்கில் கெடாது, கொட்டிக் கலக்கினால் வேலை முடிந்தது. பச்சைத் தேங்காயில் ஈரம் அதிகம், பூரணம் மறுநாளே புளித்துவிடும், மிஞ்சியதை வைத்து விற்க முடியாது. அதனால் பச்சைத் தேங்காயில் செய்கிறவர் அன்றைக்கு எத்தனை விற்கும் என்று சரியாகக் கணித்தாக வேண்டும். "மீந்துபோச்சுன்னா நாங்களே திங்க வேண்டியதுதானுங்க" என்றார் அந்த அம்மா. முற்றிய காயாக இருக்க வேண்டும், இளசாக இருந்தால் பால் விட்டு மாவை நனைத்துவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார். துருவலைச் சர்க்கரையோடு சேர்த்துச் சற்று நேரம் வைத்து, ஊறிவரும் நீரை லேசாகப் பிழிந்துவிட்டு, பிறகுதான் ஏலக்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் சேர்க்கிறார்கள். பிழிந்த அந்தத் தேங்காய்ச் சர்க்கரை நீர் வீணாவதில்லை, பன் மாவு பிசைய அதை ஊற்றுகிறார்கள். மாவு பிசையும் இயந்திரம் கோயம்புத்தூரில் செய்தது. அதன் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

பன் அடுப்பிலிருந்து வந்தது. கோயம்புத்தூரில் முதல் நாள் சாப்பிட்டதை நல்லது என்று எழுதியிருந்தேன், அது இப்போதும் நல்லதுதான். ஆனால் இதில் தேங்காய் பல்லில் நறநறக்கவில்லை, பால் சுரந்தது. இனிப்பு குறைவு. சர்க்கரைக்கு முன்னால் தேங்காய் வந்து நின்றது. மூன்று துண்டு சாப்பிட்டேன், இன்னும் சாப்பிட்டிருப்பேன்.

டூட்டி ஃப்ரூட்டியைப் பற்றியும் இங்கே ஒன்று தெரிந்துகொண்டேன். அது பச்சைப் பப்பாளி என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பப்பாளி எங்கிருந்து வருகிறது என்பதுதான் விசேஷம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 என்று சில பப்பாளி ரகங்களைப் பாலுக்கு ஏற்றவையாக வெளியிட்டது. பழுக்காத காயில் காலை நேரத்தில் மெல்லக் கீறல் போட்டால் பால் வடியும். அதை உலர்த்தினால் பாப்பைன், இறைச்சியை மிருதுவாக்கவும் மருந்துக்கும் போகும் சரக்கு. பால் எடுத்த காயின் தோல் முழுக்கக் கீறல் தழும்பு, அதைப் பழக்கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் சதைக்கு ஒரு குறையும் இல்லை. தோலைச் சீவிச் சின்னச் சதுரங்களாக வெட்டி, பாகில் ஊறவைத்து, நிறம் ஏற்றினால் டூட்டி ஃப்ரூட்டி. பேக்கரிக்காரர் தன் உறவுக்காரர் ஒருவர் உடுமலைப் பக்கம் இப்படிப் பப்பாளி போட்டிருந்ததாகச் சொல்லி, கீறல் போடும் விதத்தைக் கையால் காட்டினார். இனி யாராவது பன்னிலிருந்து டூட்டி ஃப்ரூட்டியைப் பொறுக்கி ஒதுக்கினால் எனக்குப் பொறுக்காது.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் ஓர் இளநீர். சாரல் நின்றிருந்தது.

வியாழன், திருப்பூர், ஊத்துக்குளி

திருப்பூரில் பேக்கரிகளின் வேகமே வேறு. காலை டீ இடைவேளையில் பனியன் கம்பெனிகளிலிருந்து ஆட்கள் வெளியே வருவதற்குள் டிரே டிரேயாகப் பன்னை எடுத்து வாசலில் அடுக்கிவிடுகிறார்கள். ஒரு கடையில் நின்று பார்த்தேன். பத்து நிமிடத்தில் இரண்டு டிரே காலி. தமிழும் இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கிறது, ஆனால் எல்லாரும் விரலால் காட்டுவது ஒரே பன்னைத்தான். தையல் மிஷினில் உட்காரும் ஒரு பெண், ஜாம் பன்னைப் பாதியாகப் பிய்த்துத் தோழிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். இங்கே நான் வாங்கிய வெண்ணெய் பிஸ்கட்டில் வெண்ணெய் இல்லை. கடைக்காரர் அதை ஒளிக்கவில்லை. "வெண்ணெ போட்டா இந்த வெலைக்குக் குடுக்க முடியாதுங்க்கா. இவிய எல்லாம் நாள் கூலிக்கு வர்றவிய" என்று நேராகவே சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கூலிக்காரரின் கைக்கு அடங்கும் விலைதானே இந்தப் பேக்கரிகளை உண்டாக்கியது.

பிறகு ஈரோடு பக்கம் போகும் பாசஞ்சரில் ஊத்துக்குளி. வண்டியிலிருந்தே கதித்தமலை தெரிகிறது. முருகன் கோயில் இருக்கும் சின்னக் குன்று.

ஊத்துக்குளி வெண்ணெய்க்கு அப்படி என்ன பெயர் என்று கேட்பவர்கள் இந்த வட்டாரத்தின் நிலத்தைப் பார்க்க வேண்டும். மழை குறைவு, ஆற்றுப் பாசனம் இல்லாத மேட்டு நிலம். இங்கிருந்து காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று தெற்கே போகப்போகக் கொறங்காடு என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் காடு, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். உழுது விதைப்பதற்குப் பதிலாக மாட்டை விட்டு மேய்க்கும் நிலம். பாசன ஊர்க்காரியான எனக்கு நிலத்தை இப்படி விட்டுவைப்பது ஆச்சரியம். ஆனால் மழை பொய்க்கும் பூமியில் மாடுதான் மனிதனைக் காப்பாற்றும். மாடு இருந்தால் தயிர், தயிர் இருந்தால் வெண்ணெய்.

கடையில் வெண்ணெயை உருட்டி வைத்திருந்தார்கள். முகர்ந்தால் லேசான தயிர்ப்புளிப்பு. தொழிற்சாலை வெண்ணெயில் இந்தப் புளிப்பு இருக்காது. பாலாடையை அப்படியே கடைவதற்கும் உறை ஊற்றித் தயிராக்கிக் கடைவதற்கும் உள்ள வேறுபாடு அது. "நெய்யாக் காச்சறதுக்கா, பச்சையாத் திங்கறதுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். பிஸ்கட் சுட என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்ப நேத்தைய வெண்ணெ எடுத்துக்குங்க, இன்னைக்கித்துதுல மோர் நெறைய இருக்கும்" என்றார். எவ்வளவு சரியான சொல்! பிஸ்கட் மாவில் நீர் கூடினால் மாவு இழுபட்டுப் பிஸ்கட் கடினமாகிவிடும். பேக்கரியில் வேலை செய்யாத மனிதர் வெண்ணெயை அறிந்ததாலேயே அதைச் சொல்கிறார்.

ஊருக்குள் ஒரு பேக்கரியில் அசல் வெண்ணெயில் பிஸ்கட் கேட்டேன். அலமாரியில் இல்லை. ஆனால் யாராவது வெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தால் அதில் சுட்டுத் தருவார்களாம். கல்யாணம், காதுகுத்து, ஒறம்பரை (விருந்தாளிகள்) வருகிற நாட்களில் வீட்டுக்காரர்களே அப்படிக் கொண்டுவருவது உண்டு என்றார்கள். அரைக் கிலோ வெண்ணெயை அங்கேயே கொடுத்தேன். மைதாவும் சர்க்கரையும் அவர்களுடையது, சுடுகூலி தனி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள், அதனால் கதித்தமலைக்குப் படியேறி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் வறண்ட பழுப்பு, நடுநடுவே பச்சைத் திட்டுகள், தூரத்தில் ரயில் பாதை.

பிஸ்கட் வந்தது. பார்க்க அழகில்லை, ஓரம் விரிந்து போயிருந்தது. வெண்ணெய் அடுப்பில் சீக்கிரம் இளகிவிடுவதால் அப்படித்தான் ஆகும் என்று மாஸ்டர் சமாதானம் சொன்னார். எனக்கு எந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை. வாயில் வைத்ததும் மணலாக உதிர்ந்து, பிறகு ஒன்றுமில்லாமல் கரைந்தது. கடைசியில் நாக்கின் இரண்டு ஓரத்திலும் அந்தத் தயிர்ப்புளிப்பு. இனிப்புக்குள் புளிப்பு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். மாஸ்டரும் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். பேசாமல் இன்னொன்றையும் எடுத்தார்.

கோயம்புத்தூரில், திருப்பூரில், வசதியானவர்கள் வாங்கும் பேக்கரிகள் எத்தனையோ இருக்கின்றன. பெல்ஜியம் சாக்லேட், நியூஸிலாந்து வெண்ணெய் என்று எழுதிப்போட்டு விற்கிறார்கள். அவர்களில் ஒருவராவது ஊத்துக்குளி வெண்ணெய் பிஸ்கட் என்று எழுதி, அதற்குரிய விலையை வைத்து விற்க வேண்டும். பனியன் கம்பெனி வாசல் கடையிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. இவர்களிடம் கேட்கலாம், உரிமையோடு கேட்கலாம்.

இரவு ஈரோடு. கருங்கல்பாளையத்தில் கல்லூரித் தோழியின் அம்மா வீடு. பிஸ்கட்டில் பாதி வந்த உடனே தீர்ந்தது.

வெள்ளி, ஈரோடு

இன்று ஆடி ஒன்று. இந்த நாளுக்காகத்தான் ஈரோட்டைக் கடைசியில் வைத்திருந்தேன். ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் என்று காவிரிக் கரைப் பக்கமெல்லாம் இன்று தேங்காய் சுடும் நோம்பி, அதாவது பண்டிகை. நானும் காவிரிக்காரிதான். எங்கள் கடைமடையில் பதினெட்டாம் பெருக்கு உண்டு, இது கிடையாது.

காலையிலேயே தோழியின் அம்மா தேங்காய்களின் நாரை உரித்து, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருந்தார். ஒரு கண்ணைத் துளைத்து, இளநீரைப் பாத்திரத்தில் வடித்துக்கொள்கிறார்கள். அவல், வறுத்த பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள், ஏலக்காய், நாட்டுச் சர்க்கரை எல்லாம் கலந்து அந்தச் சின்னத் துளை வழியாக உள்ளே தள்ள வேண்டும். "ரொம்ப அடைக்காத சாமி, அவல் ஊதும்" என்றார் அம்மா. பிறகு வடித்த நீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, முனை சீவிய அழிஞ்சிக் குச்சியைத் துளையில் செருகி, மஞ்சள் பூசினார்கள். மாலையில் தெருவெங்கும் வாசலுக்கு வாசல் தீ. பிள்ளைகள் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துத் தேங்காயைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். பாரதப் போர் தொடங்கியது ஆடி ஒன்றில், முடிந்தது பதினெட்டில், அதனால் இந்தச் சடங்கு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். ஓடு கருகி வெடித்ததும் எடுத்து, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தார்கள். உள்ளே தேங்காய் லேசாக வறுபட்டிருந்தது. இளநீரும் சர்க்கரையும் அவலில் ஏறி, எல்லாம் ஒரே கட்டியாகியிருந்தது. புகை வாசனை, எள் வாசனை. தேங்காய்ச் சதையோடு சேர்த்துக் கத்தியால் பெயர்த்துச் சாப்பிட வேண்டும்.

நாட்டுச் சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்து வாங்கியது. ஈரோட்டிலிருந்து கோபி போகும் வழியில் இருக்கும் ஊர். அங்கே ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் 60 கிலோ மூட்டைகளாக ஏலம் போகிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கோயில் தேவஸ்தானமே அங்கே வந்து கொள்முதல் செய்கிறது. வெள்ளைச் சர்க்கரை இனிப்பு மட்டும்தான். இதில் கரும்பின் வாசனையும் ஒரு துளி உப்பும் இருக்கிறது.

உள்ளே வைக்கக் கலந்தது ஒரு கிண்ணம் மிஞ்சியிருந்தது. அதையும் கொஞ்சம் பச்சைத் தேங்காய்த் துருவலையும் எடுத்துக்கொண்டு நானும் தோழியும் தெருமுனை பேக்கரிக்குப் போனோம். இதை வைத்து ஒரு பன் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். மாஸ்டர் கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். "தேங்கா நோம்பிக்குப் பன்னா?" என்று சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. இரவு வேலைக்குப் பிசைந்து வைத்த மாவில் கொஞ்சம் எடுத்து, இரண்டு வட்டமாகத் தட்டி, நடுவே பரப்பி, ஓரத்தை மடித்து அடுப்பில் வைத்தார்.

நாட்டுச் சர்க்கரை சீக்கிரம் இளகி, ஓரத்தில் கசிந்து, டிரேயில் ஒட்டிக் கருகிவிட்டது. அடிப்பக்கத்தைக் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவல் மாவின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டதால் மேல் அடுக்கு கொஞ்சம் வறண்டிருந்தது. நடுப்பகுதி அருமை. கருகிய சர்க்கரையின் கசப்பும் எள்ளும் தேங்காயும் ஒன்றாக வந்தன. இந்த வாரம் சாப்பிட்ட பன்களில் பொள்ளாச்சிக்கு அடுத்து இதைத்தான் வைப்பேன்.

மாஸ்டர் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சுரண்டிய டிரேயைப் பார்த்தார். "சக்கரையத் தேங்காயோட வாணலியில ஒரு சுத்துக் கிளறி, கெட்டியாக்கி வெக்கோணும். அவல் வேண்டாம், பொட்டுக்கடலையப் பொடிச்சுப் போட்டா ஈரத்தப் புடிச்சுக்கும். நாளைக்குக் காத்தால மறுபடி ஒண்ணு சுட்டுப் பாக்கறேன், ஏழு மணிக்கு மேல வாங்க்கா" என்றார். என் ரயில் மதியம்தான்.